நன்னடத்தைக்கு ஒரு கையெழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் நான்கு முறை கூப்பிட்டேன். "அவரு மீட்டிங்ல இருக்காரு அண்ணி" என்று உன் மனைவி நல்லபடியாகத்தான் சொன்னாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. எப்படியும் எனக்கு வேண்டியது தபாலில்தான் வர முடியும்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்த மாதம் முப்பதுக்குள். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. "அம்மா இருந்தவரைக்கும் சரிம்மா. இப்ப நீங்க தனி ஆளு. நாலு குடும்பம் இருக்கிற இடம், நாளைக்கு ஒண்ணுன்னா நான்தானே பதில் சொல்லணும்?" என்றார். அம்மா கடைசி மூன்று வருடம் படுத்த படுக்கை. புரண்டு படுக்கக்கூட நான் வேண்டும். அந்த அம்மாதான் எனக்குக் காவலாக இருந்தாள் என்பது, அவள் போய் எட்டு மாதம் கழித்துத்தான் தெரிகிறது.

இதுவரை பதினோரு வீடு பார்த்துவிட்டேன். தரகரைத் தெருவில் 'சாவிக்கொத்து' என்பார்கள். முதல் நாளே, "ஹஸ்பெண்ட் வெளிநாட்டுல இருக்காருன்னு சொல்லிடுங்க மேடம். யாரு பிளேன் ஏறிப் போய்ப் பாக்கப் போறா?" என்றார். சிரித்தேன். ஏழாவது வீட்டில் சொல்லியேவிட்டேன். அந்த வீட்டம்மாள் உடனே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "பாவம், எப்ப வருவாரு?" என்று கேட்டாள். இல்லாத ஒரு ஆளுக்குக் கிடைத்த மரியாதையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும் என்றதும் எழுந்து வந்துவிட்டேன்.

வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியிலும் கேட்டேன். நாற்பது வயது வரைக்கும்தானாம். முதியோர் இல்லத்துக்கு அறுபது ஆக வேண்டும். நடுவில் இருபது வருடம் எங்கே இருப்பது என்று விடுதிப் பொறுப்பாளரிடம் கேட்டேன். "புருஷன் வீட்டுலதான்" என்றாள், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பெரியம்மாவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவளும் கல்யாணம் ஆகாதவள். மாமா வீட்டில் பின்னறை. எல்லாப் பிரசவத்துக்கும் அவள்தான் ஓடினாள், எந்தப் போட்டோவிலும் அவள் இல்லை. அவளைப் பார்த்துப் பயந்துதான் நான் படித்தேன், வேலைக்குப் போனேன். மூலைக்குப் பதிலாக ஒரு சாவி கிடைக்கும் என்று நினைத்தேன். அவளுக்காவது அந்த மூலையைக் காலி செய் என்று யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது வீடு கிடைக்கும்போல் இருக்கிறது. ஒரே அறை, சமையல் மேடைக்கு மேல் ஒரு ஜன்னல். சொந்தக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். "உங்க நடத்தைக்குப் பொறுப்பேத்துக்கிட்டு வீட்டு ஆம்பளை யாராவது ஒரு லெட்டர் குடுத்தா போதும்மா" என்கிறார். கல்லூரி அலுவலகத்தில் வருடத்துக்கு அறுநூறு பிள்ளைகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தயார் செய்கிறவள் நான் என்று சொன்னேன். "அது வேறம்மா" என்றார். அப்பா இறந்த பிறகு, உன் பள்ளிப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை.

உனக்கு நேரம் இருக்காது என்று அந்தக் கடிதத்தை நானே எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். பார்த்து உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இருபத்தைந்தாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அந்த வீடும் போய்விடும். நான் ஒழுக்கமானவள், என்னைத் தேடி யாரும் வர மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். இரண்டுமே உண்மை, இரண்டாவது கொஞ்சம் அதிகமாகவே. மூன்றாவது வரியில், நீ வருடம் ஒருமுறை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவதாக இருக்கும். அம்மா காரியத்துக்கு வந்து அன்றே திரும்பியதை விட்டால், நீ வந்து ஐந்து வருடம் ஆகிறது, எனக்குத் தெரியும். மற்றதை உன் இஷ்டம்போல் மாற்றிக்கொள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடாதே. வீட்டுக்காரருக்காகத்தான் அதை எழுதினேன்.

நன்றாக இரு. உன் பெண் வளர்ந்து எந்த வாசலில் போய்த் தனியாக நின்றாலும் அவளுக்குக் கதவு திறக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா