ட்ராம் ஏறீட்டன், அத்தான்

அத்தான்,

இன்று காலை இந்த வருடத்தில் முதல் தடவையாக ஹீட்டிங்கைப் போட்டேன். கோடை முழுதும் ரேடியேட்டரில் படிந்து கிடந்த தூசி காய்ந்து, அந்தக் கருகல் மணம் வீடெல்லாம் பரவியது. மகள் வருகிறாள் என்பதற்காகத்தான் போட்டேன். போட்ட கையோடு உங்கள் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. செத்துப்போன மனிதரோடு கோபிக்கலாமா என்று கேட்காதீர்கள். உயிரோடு இருந்தபோது நான் ஏசியதில் பாதியைக்கூட நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிச்சத்தை இப்போது கேளுங்கள்.

அக்கா கண்ணை மூடுவதற்கு முன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உன்ர அத்தானுக்குக் குளிர் ஒத்துவராது, நெஞ்சு இழுக்கும். வின்டருக்கு முதல் ஒருக்காப் போய் வீட்டைப் பார்." அவ சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டா. உங்கள் மகன் கனடாவில். நான் இருப்பது இங்கே நகரின் வட கோடியில், எட்மண்டனில். நீங்கள் தென் கோடியில், மிச்சம் என்ற ஊரில். ஒரு ரயில், இன்னொரு ரயில், விம்பிள்டனில் ட்ராம். ஒக்டோபர் பிறந்தால் என் ஓய்வு நாளான வியாழக்கிழமைகளெல்லாம் அந்தப் பாதையில்தான் போயின. கைப்பையில் ஸ்குரூ ட்ரைவர், ஒட்டுநாடா, ரேடியேட்டரில் காற்றெடுக்கும் சின்னச் சாவி. ட்ராமில் பக்கத்தில் இருப்பவர்கள் என்னை என்ன வேலைக்காரி என்று நினைத்தார்களோ தெரியாது.

நீங்கள் எனக்குப் போட்டிருந்த ஒரே சட்டம், "விம்பிள்டனில ட்ராம் ஏறின உடன ஒரு போன் அடியும், பிள்ளை" என்பது. தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். எவ்வளவு கரிசனை என்று வீட்டில் இவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

நான் வந்து சேரும்போது ரேடியேட்டர் கை வைக்க முடியாமல் சுடும். ஆனால் சுவரைத் தொட்டால் ஐஸ். கதிரைகூடக் குளிர்ந்து கிடக்கும். ஹீட்டிங் இவ்வளவு எரிந்தும் வீடு சூடாகவில்லை என்றால் எங்கேயோ ஓட்டை இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். இரண்டு வின்டர் அந்த ஓட்டையைத் தேடினேன், அத்தான். யன்னல் விளிம்பெல்லாம் ஒட்டுநாடா ஒட்டினேன். ஆள் பிடித்துக் கூரைக்குள் கம்பளிப் பஞ்சு விரிப்பித்தேன். தடித்த திரைச்சீலை தைப்பித்துக் கொண்டுவந்தேன். ரோட்டால் போகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் அதைச் சுருட்டி முடிச்சுப் போட்டு வைத்தீர்கள். கதவில் கடிதம் போடும் துவாரத்தில் காற்று வராமல் நான் பூட்டிய பிரஷ் மறைப்பைக் கத்தரிக்கோலால் வெட்டினீர்கள். கோயில் கலண்டர் தபாலில் வரும்போது மடங்கிப் போகுமாம்.

கடைசியில் பழியைப் பின்கதவில் போட்டேன். பொரியல் மணம் கோட்டில் ஒட்டும் என்று எங்கள் ஆட்கள் பலரைப் போல நீங்களும் பின்வளவு ஷெட்டில்தான் மீன் பொரிப்பீர்கள். அதற்காகக் கதவு ஆவென்று திறந்து கிடக்கும். அந்த ஒரு கதவுக்காக நாங்கள் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறதா? நீங்கள் அவவுக்கு ஒரு துண்டு மீன் கொடுத்துச் சமாளித்தீர்கள்.

பிறகு அந்த வியாழக்கிழமை. வழியில் என் போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. சொல்லாமல் வந்து மணி அடித்தேன். கதவைத் திறந்த உங்களைப் பார்த்து ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தேன். கோட்டு, காதை மூடிய தொப்பி, இரண்டு சோடி சொக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் சால்வை. வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகை வந்தது. நீங்கள் என்னை உள்ளே வரச் சொல்லக்கூட இல்லை. திரும்பி, படிக்குக் கீழே இருந்த ஹீட்டிங் சுவிட்சுக்கு ஓடினீர்கள்.

"போன் அடிக்காமல் வந்திட்டீர்" என்றீர்கள், குற்றம் ஏதோ என்னுடையது போல.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ட்ராம் ஏறியதும் போன், போன் வந்ததும் சுவிட்ச், நான் வெளியே காலை வைத்ததும் திரும்ப அணைப்பு. ஓட்டை வீட்டில் இல்லை. காசில்லாமல் செய்தீர்கள் என்றாலாவது பொறுத்திருப்பேன். பென்ஷன் ஒழுங்காக வந்துகொண்டுதானே இருந்தது. அக்கா இருந்த காலத்தில் நாள் முழுக்க எரிந்த ஹீட்டிங் அது. யாருக்காக இவ்வளவு நாளும் போட்டீர்கள் என்று கத்தினேன். வருகிற ஆட்களுக்கு என்றீர்கள்.

"அப்ப நீங்கள் ஆள் இல்லையோ?"

"நான் வீட்டுக்காரன், பிள்ளை. வாற ஆக்களுக்குத்தான் குளிரக்கூடாது."

அன்று திரும்பும்போது ட்ராமில் இருந்து அழுதேன். அடுத்த நெஞ்சுச் சளிக்கு நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று தெரியும். ஏசிப் பார்த்தாயிற்று, கெஞ்சிப் பார்த்தாயிற்று. மிஞ்சியது பொய்தான்.

மறுநாள் காலை எட்டரைக்கு, என் குசினியில், தண்ணி கொதிக்கிற கேத்திலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போன் அடித்தேன். "ட்ராம் ஏறீட்டன், அத்தான்." ஒரு மணித்தியாலம் கழித்து, வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், வர ஏலாது என்று இன்னொரு போன். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. என்னுடைய கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நாலாம் நாள் நீங்கள் சொன்னீர்கள்: "பிள்ளை, உம்மட ட்ராமில இண்டைக்கும் கேத்தில் கொதிக்குது."

கையை நீட்டிக் கேத்திலை நிறுத்தினேன். நீங்களே, "சரி, வாரும்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

ஐந்தாம் நாளும் வெட்கமில்லாமல் அடித்தேன். நீங்களும் "வாரும்" என்றீர்கள். வர ஏலாது என்ற இரண்டாவது போனை மட்டும் விட்டுவிட்டேன். அந்த வின்டர் முழுக்க, வியாழன் தவிர்ந்த நாளெல்லாம் இதுதான் நடந்தது. போனை வைத்த பிறகு சுவிட்சைப் போடுகிறீர்களா, இல்லை சால்வையை இழுத்து மூடுகிறீர்களா என்று எனக்குத் தெரியாது. வேலையில் இருக்கும்போதெல்லாம் அதுதான் மனதை அரிக்கும். கேட்டால் ஓம் என்பீர்கள். உங்கள் ஓமை நான் எப்படி நம்புவது?

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கள் போன் எடுக்கவில்லை. ஒன்பது மணிக்கும் எடுக்கவில்லை. வேலைக்குப் போகாமல் மிச்சத்துக்கு வந்தேன். என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. நீங்கள் கதிரையில், வெறும் சேர்ட்டோடு, நித்திரை போல இருந்தீர்கள். கோட்டு கொழுவியில் தொங்கியது. அக்காவின் சால்வை மடித்துத் தலைமாட்டில் இருந்தது. பக்கத்தில் ஆறிப்போன தேத்தண்ணி, ஒரே ஒரு கோப்பை. மாரடைப்பு என்றார் டாக்டர். குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

எல்லாம் முடிந்து வீட்டைப் பூட்டும் நாளில்தான் ஹீட்டிங்கை அணைக்கப் போனேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்த டைமரில் காலை ஏழு மணிக்குத் தானாக எரியும்படி வைத்திருந்தீர்கள். ஒவ்வொரு நாளும். நான் எட்டரைக்குப் பொய்யோடு வருவதற்குள் உங்கள் வீடு சூடேறி ஒன்றரை மணித்தியாலம் ஆகியிருக்கும்.

அந்தப் படிக்குக் கீழே நின்று உங்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன், அத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் எத்தனை நாள் நிம்மதியில்லாமல் இருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். சொன்னால் நான் போன் அடிப்பதை விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்கள், அப்படித்தானே?

மகள் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் போய்விட்டாள். இவர் வேலையால் வர இன்னும் நேரமிருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு நேரே சுவிட்சடிக்குப் போய், அணைக்கக் கையை நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. மூன்று நாளாக நானும் வீட்டுக்குள் கோட்டோடுதான் திரிந்திருக்கிறேன். ஆள் இல்லையோ என்று உங்களைக் கேட்ட அதே மனுசி.

அணைக்கவில்லை. கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டுக் குசினிக்குப் போய்க் கேத்திலைப் போட்டேன். அது கொதித்து இரையும்போது, யாருமில்லாத வீட்டில் கொஞ்சம் உரத்தே சொன்னேன், ட்ராம் ஏறீட்டன், அத்தான் என்று.