'ங்க'வுக்கு இங்கிலீஷில் என்ன?

8 மார்ச் 1944
மலையிலிருந்து தங்கை கருப்பி அழுதுகொண்டே வந்தாள். அவள் புருஷன் குள்ளனைக் காட்டிலாகா கார்டு பிடித்துப் போய்விட்டானாம். பந்தல் போட நாலு மூங்கில் வெட்டினான், வேறொன்றுமில்லை. தருமபுரியில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

"காட்டிலாகா துரை வெள்ளிக்கெழம நல்லம்பள்ளி பங்களாவுக்கு வராராம்ணா. நீ இங்கிலீசுல சொன்னா வுட்ருவாரு" என்றாள்.

சொல்லாமல்? பெங்களூர் கண்டோன்மெண்டில் மூன்று வருடம் வெள்ளைக்காரச் சோல்ஜர்களுக்குச் சமைத்துப் போட்டவன் நான். அதியமான்கோட்டையில் வேறு யாருக்கு இங்கிலீஷ் வரும்?

9 மார்ச்
காலையிலிருந்து பேசிப் பழகுகிறேன். பிளைமி என்றால் அடேயப்பா. காப்பர் என்றால் போலீஸ்காரன். இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

பெரியவர்களிடம் வாங்க, சொல்லுங்க என்கிறோமே, அந்த 'ங்க'வுக்கு இங்கிலீஷில் என்ன என்று அங்கிருந்த சோல்ஜர் ஜாக்கிடம் ஒருநாள் கேட்டேன். யோசித்து ஒரு வார்த்தை சொன்னான். எது பேசினாலும் கடைசியில் அதைச் சேர்க்க வேண்டுமாம். மலேரியாவில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தேனே, அந்தப் பிரியம் அவனுக்கு. நாளைக்கு ஒரு இடத்தில்கூட அதை விட்டுவிடக் கூடாது.

10 மார்ச்
ஐயோ.

துரை பங்களா வாசலில் நாற்காலி போட்டு எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் துரைசானி. கும்பிட்டுவிட்டு குட்மார்னிங் சொல்லி, கூடவே அந்த வார்த்தையையும் போட்டேன். பேனா நின்றது. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்கச் சொன்னேன். மாப்பிள்ளை நல்லவன் என்றேன், அதற்கும் போட்டேன். துரைசானி எழுந்து உள்ளே போய்விட்டார். துரையின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. "கெட் அவுட்!" அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

பங்களா ரைட்டர் சவுரியப்பன் என்னை வேலிக்கு வெளியே இழுத்து வந்தார். "யோவ், பைத்தியமா உனக்கு? பொம்பள இருக்கற எடத்துல பேசற பேச்சா அது?" பிறகு காதோடு அர்த்தம் சொன்னார்.

எழுத மாட்டேன். தமிழில்கூட எழுத மாட்டேன்.

கருப்பி வேலியோரம் நின்று, "என்னாச்சுண்ணா? வுட்ருவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

11 மார்ச்
மெஸ்ஸில் நான் வாயைத் திறந்தாலே மேஜையைத் தட்டிச் சிரிப்பார்கள். பிரியம் என்றல்லவா நினைத்தேன்! மூன்று வருடமும் அதுதானா? அடப்பாவி ஜாக், கஞ்சி குடிச்ச வாயாடா அது?

பிளைமி — அதுவும் வேறு எதாவதா? காப்பர்? தெரிந்த இங்கிலீஷில் இனி எதை நம்புவது?

12 மார்ச்
கருப்பியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. "நானே போய்க் கேக்கறேன்" என்று புறப்பட்டுவிட்டாள். எந்தப் பாஷையில் கேட்பாள்?

13 மார்ச்
குள்ளன் வந்துவிட்டான்!

கருப்பி சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பந்தலுக்குத்தானுங்க வெட்டுனாரு, புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க, இந்த ஒருதபா மன்னிச்சு வுட்டுருங்கன்னேன். அழாதீங்கம்மான்னாருண்ணா. தமிழ்லயே சொன்னாரு!"

துரைக்குத் தமிழ் தெரியும். பரீட்சை எழுதித் தேறியவராம். அது தெரியாமல் நான் —

"உங்க அண்ணனுக்கு அதை யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றும் கேட்டாராம். எவனோ சோல்ஜர் என்று இவள் சொல்ல, தலையை ஆட்டிக்கொண்டாராம். அவர் வாயில் 'ங்க' அவ்வளவு சுத்தமாக வந்ததாம்.

2 ஜூன்
பட்டாள லாரிகள் சேலம் பக்கம் போயின. ஒன்று பஞ்சராகி நம் ஊர்ச் சாலையில் நின்றது. அதிலிருந்து இறங்கிய ஒரு சின்ன வயது சோல்ஜர், மோர் விற்கும் முனியம்மாளைக் காட்டி, அந்த அம்மாளிடம் மரியாதையாக மோர் கேட்க என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டான். ஜாக்கைப் போலவே செம்பட்டை முடி.

ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லிக் கொடுத்திருந்தால் சாலையே சிரித்திருக்கும். முனியம்மாள் செம்பாலேயே மொத்தியிருப்பாள். என் வயிறும் குளிர்ந்திருக்கும்.

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜாக் முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன்.

"மோர் குடுங்க" என்றேன்.

"மோர் குடு" என்றான்.

"ங்க" என்றேன். "ங்க சேத்துச் சொல்லு."

சரியாக வரும்வரை விடவில்லை.