நோயாளி தரப்பில் இருவர்

ஜூன் 10, 1997. செவ்வாய்.

காலையிலேயே புழுக்கம். மந்தைவெளியில் பஸ் ஏறுவதற்குள் ரவிக்கை நனைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் புது காசநோய் ஆய்வு. அதற்கு ஒரு ஆலோசனைக் குழு. பெரிய டாக்டர் கூப்பிட்டார்: "நோய் வந்து குணமானவங்க ரெண்டு பேர் குழுவுல உக்காரணும்மா. எதை ஆராயணும், எப்படி ஆராயணும்னு அவங்களும் சொல்லட்டும். சமூக சேவகி நீங்கதான், உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்."

நல்ல யோசனை. ஆனால் பெயரும் நோயும் பதிவேட்டில் ஏறும். கூட்டம் 20ஆம் தேதி.

பழைய நோயாளி அட்டைகளில் பொறுக்கியது: வடபழனி தையல்காரர். தி. நகர் ஜவுளிக்கடைப் பெண். ஆற்றோரம் சரோஜா.

மாவு தீர்ந்துவிட்டது. அரைக்க வேண்டும்.

ஜூன் 12. வியாழன்.

தையல்காரர் முடியாது என்றார். மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம்.

தி. நகரில் ஒரே நெரிசல். அந்தப் பெண் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. துணியை விரித்துக்கொண்டே மெதுவாக: "தெரிஞ்சா வேலை போயிடும்க்கா. இனிமே கடைக்கு வராதீங்க." ஒரு ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பத்தொன்பது வயதில் எனக்கும் இதே நோய். ஒன்றரை வருடம் மருந்து. கேட்டவர்களிடமெல்லாம் அம்மா டைபாய்டு என்றாள். கல்யாணம் பேசும்போதும் மூச்சு விடவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடம், ரகுவுக்குத் தெரியாது. எழுதுவதே இன்றுதான்.

ஜூன் 14. சனி.

அடையாற்றங்கரைக் குடிசைகள். சரோஜா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். போன வருடம் குணமானவள்.

"நான் வந்து இன்னாம்மா பேசறது? அவுங்கல்லாம் படிச்சவங்க."

"உனக்கு நடந்ததைச் சொன்னாப் போதும்."

"நடந்ததா? மாத்திரை போட்டதும் ஒண்ணுக்கு செவப்பா போச்சு. ரத்தம்னு பயந்து நிறுத்திட்டேன். மருந்தால அப்டி வரும்னு யாரு சொன்னா? நானாவது திரும்பி வந்தேன். பக்கத்து வூட்டு அம்சா அதே பயத்துல நிறுத்தினவதான். போய்ட்டா."

அம்சாவின் அட்டையில் "அக்கறை இல்லை, மருந்தை நிறுத்திவிட்டார்" என்று எழுதியது நான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை.

சரோஜா வருகிறேன் என்றாள். கிளம்பும்போது: "நீ இன்னாத்துக்கு இப்டி அலையறே? உனக்கும் வந்துச்சா?"

"இல்லை" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

ஜூன் 17.

வேறு ஆள் கிடைக்கவில்லை. தலைவலி. மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்து, வரவில்லை.

ஜூன் 20. வெள்ளி.

கூட்டம். சரோஜா நாற்காலி நுனியில். சிவப்பு விஷயத்தைச் சொன்னாள். இளைய டாக்டர் ஒருவர், "அதான் நோட்டீஸ்ல போட்டிருக்கே" என்றார்.

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்குப் போட்டுகீறீங்க சார். அம்சாவுக்கு யாரு படிச்சிக் காமிச்சது?"

பெரிய டாக்டர், மருந்தைப் பாதியில் விட்டவர்களை வீட்டுக்கே போய்க் காரணம் கேட்பதுதான் முதல் வேலை என்று எழுதச் சொன்னார். கேள்விகளைச் சரோஜாவுடன் சேர்ந்து தயாரிக்க வேண்டும்.

"இன்னொருத்தர் வரலையா?" என்று என்னைக் கேட்டார்.

"வந்திருக்கேன் சார். எனக்கும் வந்து குணமானதுதான்."

"பேர் எழுதட்டுமாம்மா?" என்றார். எழுதச் சொன்னேன்.

வெளியே வந்ததும் சரோஜா: "அன்னிக்கு இல்லேன்னியே!" கோபம்தான். ஆனாலும் பஸ் வரும்வரை கூட நின்றாள்.

சாயங்காலம் ரகுவிடம் சொன்னேன். "ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. ஆத்துக்காரனுக்குக் கடைசியிலயா?" சாப்பிடவில்லை.

ஜூன் 21.

ரகு காபியைத் தொடவில்லை. ஆறின டம்ளரை நானே எடுத்து வைத்தேன்.

ஜூன் 22. ஞாயிறு.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல்: "ஊசியும் போட்டாளா?"

"ஆமாம். முதல் மூணு மாசம், தினம்."

"ரொம்ப வலிச்சுதா?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. வலித்தது என்றேன்.