உங்களுக்கு ரெண்டாம் கிளாஸ், எனக்கு மூணாம் கிளாஸ்

நேற்று மத்தியானம் சின்னவன் என் அறையில் ஏர்கோன் மாட்டினான். கிள்ளானில் இந்த வருசம் வெயில் தாங்க முடியவில்லை. "அம்மா பாவம்" என்று அவனும் மருமகளும் பேசி வாங்கிவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் ஒரு வாடை வந்தது. மூடிக் கிடந்த குளிர் வாடை. அவ்வளவுதான், நீங்கள் வந்துவிட்டீர்கள். சிங்கப்பூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி நின்றீர்களே, அன்றைக்கு உங்கள் சட்டையில் இதே வாடைதான்.

நீங்கள் போய்ப் பதினாலு வருசம் ஆகிறது. புருசன் பெண்டாட்டியாக எவ்வளவோ பேசினோம், இதை மட்டும் நான் சரியாகப் பேசவே இல்லை. எழுத எனக்கு அவ்வளவாக வராது. தெரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

பெரியவளுக்கு சிங்கப்பூரில் குழந்தை பிறந்து, முப்பதாம் நாள் சாமி கும்பிடக் கூப்பிட்டிருந்தாள். நமக்கு ரயில்வே பாஸ் உண்டு, மூணாம் கிளாஸ். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் நம் வரிசையில் இருந்த எல்லாருக்கும் அதேதான். எங்கே போனாலும் ஜன்னலைத் திறந்து வைத்து, தூசியும் சிகரெட் புகையும் தின்றுகொண்டே போவோம். அந்த வருசம் உங்கள் நெஞ்சு சரியில்லை. தூசி ஆகாது, புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரெண்டாம் கிளாஸில் கண்ணாடி திறக்காது, ஏர்கோன். அதுதான் உங்களுக்கு நல்லது என்று நானே முடிவு பண்ணினேன். முறுக்கு சுட்டு விற்ற காசு ஒரு டிக்கெட்டுக்குத்தான் காணும்.

கவுண்டரில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயா கேட்டார். "ஒண்டு மட்டுமோ? ரெண்டு பேர் எண்டு சொன்னீங்கள். சேர்ந்து இருந்து போகலாமே, அம்மா."

"எனக்கு பாஸ் இருக்குங்கய்யா. அவருக்குத்தான் முடியல."

அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

டிக்கெட்டைப் பார்த்ததும் நீங்கள் ரெண்டு நாள் பேசவில்லை. நான் அழுததும்தான் சரி என்றீர்கள். உங்களோடு ரயில் கோச் கழுவுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். வீட்டு வாசலில் நின்று, "என்னண்ணே, நேத்து கழுவுன சீட்டுல நாளைக்கு தொரை மாதிரி குந்தப் போறீங்க! காலத் தூக்கி வச்சிராதீங்க லா, திரும்பி வந்தா நாங்கதான் தேய்க்கணும்" என்று கத்தினார்கள். சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்துவிட்டது.

கிளம்பும்போது கம்பளிச் சால்வையை எடுத்து நீட்டினேன். விடிகாலை வேலைக்குப் போகும்போது நெஞ்சில் சுற்றிக்கொள்வீர்களே, அந்தச் சால்வை.

"இது என்னத்துக்கு? அதுக்குள்ள வெந்து போவும் புள்ள. இத்தன வருசமா ஏறி எறங்குறேன், எனக்குத் தெரியாதா?"

நானும் நம்பினேன். யார்டில் நிற்கிற கோச்சில் ஏர்கோன் ஓடாது. அடைத்த கண்ணாடிக்குள் வெயிலில் வேர்த்து ஊற்றிக் கழுவின உங்களுக்கு அது அடுப்பு மாதிரிதான். ஓடும்போது அதற்குள் எப்படி இருக்கும் என்று நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. மெல்லிசுச் சட்டையோடு ஏறினீர்கள்.

நான் மூணாம் கிளாஸில் உட்கார்ந்தேன். சீட்டு இடுப்பைக் குத்தியது. சால்வையை மடித்து முதுகுக்கு வைத்துக்கொண்டேன்.

கிம்மாஸில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. இறங்கி ஓடி வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீங்கள் நேராக நிமிர்ந்து, கை ரெண்டையும் கட்டி, விரல்களை அக்குளுக்குள் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். யாரோ ஆபீசர் மாதிரி இருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். சிரித்தீர்கள். ஒரு கையை மட்டும் எடுத்து, போ போ, வண்டி எடுத்துருவான் என்று காட்டிவிட்டு உடனே திரும்பச் சொருகிக்கொண்டீர்கள். என் வீட்டுக்காரர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் பார் என்று பெருமையாக ஓடி வந்து, மறுபடியும் அந்தச் சால்வையில் சாய்ந்துகொண்டேன்.

சிங்கப்பூரில் இறங்கும்போது கையைப் பிடித்தேன். பச்சைத் தண்ணீரில் கிடந்த மீன் மாதிரி இருந்தது.

"ஏங்க, குளுந்துச்சா?"

"இல்ல புள்ள, நல்லா இருந்துச்சு."

பெரியவளிடமும் அதையேதான் சொன்னீர்கள். திரும்பும்போது ரெண்டு பேரும் மூணாம் கிளாஸ். சால்வையைப் போர்த்திக்கொண்டு என் தோளில் சாய்ந்து வந்தீர்கள். சிகாமட் தாண்டித்தான் உண்மை வாயில் வந்தது. "பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சு. எந்திரிச்சு உங்கிட்ட வந்துரலாமான்னு பாத்தேன். நீ வாங்கிக் குடுத்தது, எப்படி எந்திரிச்சு வர்றது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு நீங்கள் இல்லை. அந்தக் குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நெஞ்சு முன்னாலேயே கெட்டிருந்தது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் நாம் சேர்ந்து போகக் கிடைத்த கடைசிப் பயணத்தில் பாதியை ரெண்டு கோச்சாக வெட்டினது நான்தானே. அதற்கு எந்த டாக்டர் என்ன சொல்ல முடியும்?

நேற்று எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். சால்வையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன், போர்த்தவில்லை. மடியில் வைத்து, உங்களை மாதிரியே விரல்களைச் சொருகி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்திலேயே கால் விரல் மரத்துப்போனது. நீங்கள் காலையில் ஏறி மத்தியானம் சாயும்வரைக்கும் அப்படி இருந்திருக்கிறீர்கள்.

சின்னவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "என்னம்மா, ரொம்பக் குளுருதா? கொறைக்கவா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். ஆசையாக வாங்கி மாட்டியிருக்கிறான்.

"இல்லப்பா," என்றேன். "நல்லா இருக்கு."