ஏழு போதும் என்றவருக்கு

"என்னங்க" என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் திரும்பிப் பார்க்காத என் அன்பானவருக்கு,

நம் பாச்சாங் வீட்டில் உங்கள் நாற்காலி அதே இடத்தில்தான் கிடக்கிறது. மத்தியான மழையில் நீங்கள் அதில் கண்ணயர்ந்திருப்பது போலவே இருக்கிறது. சத்தம் போடாமல் நடக்கிறேன், பைத்தியக்காரி.

வேலை பழையதுதான். வீடு வீடாகப் போய், எதைப் பெரிதாக மதிக்கிறீர்கள், யாரை நம்புகிறீர்கள், எவ்வளவு திருப்தியாக இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுகிறேன். இதே கேள்விகளைப் பல நாடுகளில் கேட்டு ஒப்பிடுகிறார்கள். ஆபீசில் ஒரு படம் காட்டினார்கள். அந்தப் பதில்களை வைத்து நாட்டுக்கு ஒரு புள்ளி. கடலும் எல்லையும் இல்லாமல் எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. நம் நாட்டுப் புள்ளியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்களிடம்தானே கேட்டுப் பழகினேன்? "உங்க வாழ்க்கை எவ்வளவு திருப்தி? ஒன்னுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க." மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏழு போடு லா" என்று நம் ஊர் 'லா'வை இழுத்துச் சொன்னீர்கள். எனக்குச் சுருக்கென்றது. மிச்சம் மூன்று எங்கே? என் சமையலா, நானா? எத்தனை தடவை சண்டை பிடித்தேன்! சிரித்தீர்களே தவிர, பதில் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டீர்கள். உங்களை நான் நன்றாக வைத்திருந்தேனா இல்லையா? அதுதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

போன வாரம் கேள்வி கேட்கப் போன இடத்தில், பெம்பானில் ஒரு பெண். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை மடியில், முகமெல்லாம் சிரிப்பு. அதே கேள்வியைக் கேட்டேன்.

"ஏழு போடுங்கக்கா."

"இவ்ளோ சிரிக்கிற, ஏழுதானாம்மா?"

குழந்தையின் கன்னத்து மைப்பொட்டைத் தொட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "பத்துன்னு வாய்விட்டுச் சொன்னா கண்ணு பட்டுடும் லா!"

உங்கள் ஏழுதான் சட்டென்று நினைவுக்கு வந்தது. உங்கள் புதுச் சட்டையை யாராவது மெச்சினால்கூட "பழசு லா" என்பீர்களே! லோரியில் எலுமிச்சை, மிளகாய் கட்டாமல் கிளம்பாத மனுஷன் ஆயிற்றே! கூடவே குடித்தனம் நடத்திய எனக்கு ஏன் அது உறைக்கவில்லை?

அவள் சொன்னபடி ஏழு என்றே எழுதினேன். வெளியே மழை விட்டிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான். படத்தில் பார்த்த அந்தப் புள்ளிக்குள் இன்னும் எத்தனை பேர் எதையெதை ஒளித்து வைத்திருக்கிறார்களோ?

உங்களோடு வாழ்ந்த வாழ்க்கைக்கு எத்தனை போடலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், நானும் ஏழு என்பேன். சத்தியமாக, வாய்தவறிக்கூடப் பத்து என்று சொல்ல மாட்டேன்.

இன்னும் உங்கள் வீட்டுக்காரிதான்,
சரசு