பதினைந்தாவது ஓடு

மில்லிக்கன்,
4 மே 2025

றெமிஜியஸ்,

'அன்புள்ள' என்று தொடங்கப் பார்த்தேன், கை போகவில்லை.

நீ அனுப்பிய அழைப்பிதழ் கிடைத்தது. வாசகர் வட்டத்தில் கிரேக்கரைப் பற்றி நான் மீண்டும் பேச வேண்டுமாம். பத்து வருடத்துக்கு முன் அங்கே கடைசியாகப் பேசியதும் அதைத்தான். மறந்துவிட்டாயா?

ஊருக்குத் தொல்லை என்று நினைப்பவனின் பெயரை ஏதென்ஸ்காரர் உடைந்த சட்டியோட்டில் எழுதிப் போடுவார்கள், போதிய ஓடு சேர்ந்தால் அவன் பத்து வருடம் ஊரைவிட்டுப் போக வேண்டும், வீடும் காணியும் அவனுக்காகக் கிடக்கும் என்று விளக்கினேன். அதோடு நின்றேனா? எங்கள் வட்டத்தின் யாப்பு விதிகளிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தேன். பூச்சாடி வாங்கிச் சுத்தியலால் உடைத்தவனும் நான், செயலாளர் என்ற முறையில் ஓடுகளை எண்ணியவனும் நான். பதினைந்து ஓடு. ஒன்பது சேர்ந்தால் வெளியே என்பது விதி. சரியாக ஒன்பதில் என் பெயர். எட்டாக இருந்திருந்தால் தப்பியிருப்பேன்.

அந்த ஒன்பதில் ஒன்று உன் எழுத்து. யாழ்ப்பாணத்தில் ஏ.எல். படித்த இரண்டு வருடமும் உன் கிரேக்க உரோம நாகரிக நோட்ஸைப் பார்த்தெழுதியவன் நான். அந்த எழுத்து எனக்குத் தெரியாதா? மற்ற எட்டுப் பேரையும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்களை நினைத்து நித்திரை கெட்டதில்லை.

தண்டனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. என்றாலும் வரமாட்டேன்.

பஸ்ரியன்


பிக்கரிங்,
11 மே 2025

அன்பின் பஸ்ரியனுக்கு,

உனக்குக் கை போகாவிட்டாலும் எனக்குப் போகிறது. வீட்டில் றீற்றாவும் உன்னைச் சுகம் கேட்டு எழுதச் சொன்னாள்.

எழுத்து என்னுடையதுதான். பெயர் சொன்னவர் இராஜரட்ணம் மாஸ்ரர். அந்தக் கிழமைதான் அவருக்குக் கண் ஒப்பரேஷன் நடந்தது. பக்கத்தில் இருந்த என்னிடம் ஓட்டை நீட்டி, "தம்பி, எனக்கு ஒண்டும் தெரியுதில்லை. பஸ்ரியன்ர பேரை எழுதிவிடும்" என்றார். அவன் உங்களுக்கு என்ன செய்தவன் என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை. நான் வாய் திறந்தாப் போதும், திருத்தம் சொல்லுறான். களைச்சுப் போனன்."

அது இரகசிய வாக்கு; மாஸ்ரர் விடாமல் நான் எப்படிச் சொல்வது? நீயும் அதன்பிறகு என் ரெலிபோனை எடுக்கவில்லை. போன மாதம் அவரே வாய் திறந்தார்: "உவனைக் கூப்பிடும். இப்ப ஒருத்தரும் பிழை பிடிக்கினமில்லை, கூட்டம் சப்பெண்டு கிடக்கு." அன்றைக்கே அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

உன்
றெமி


மில்லிக்கன்,
18 மே 2025

றெமிஜியஸ்,

பொய் சொல்வதென்றால் வேறு எவனிடமாவது சொல். எழுதத் தெரியாத ஓர் ஏதென்ஸ்காரன், ஆளைத் தெரியாமல், நீதிமான் என்று பேரெடுத்த அரிஸ்ரைடீஸிடமே ஓட்டைக் கொடுத்து அரிஸ்ரைடீஸின் பெயரை எழுதச் சொன்னானாம். அவர் உனக்கு என்ன செய்தார் என்று கேட்டதற்கு, 'நீதிமான், நீதிமான் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது' என்றானாம். அதையும் உன் நோட்ஸில்தான் படித்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடப் பழைய கதையை எடுத்து, மாஸ்ரரின் கண்ணுக்குப் பஞ்சு வைத்து, எனக்கே விற்கப் பார்க்கிறாய்.

சரி, ஒரு கேள்வி. நீ எழுதியது மாஸ்ரருக்கு என்றால், உன்னுடைய ஓட்டில் யார் பெயர்?

பஸ்ரியன்


பிக்கரிங்,
24 மே 2025

அன்பின் பஸ்ரியனுக்கு,

ஒருவர் பெயரும் இல்லை. ஓர் ஆந்தை கீறிப் போட்டேன். ஏ.எல். கொப்பி ஓரமெல்லாம் கீறுவேனே, அதே முழிக்கண் ஆந்தை. கண்டவுடன் நான்தான் என்று பிடித்துவிடுவாய் என்று நம்பினேன்.

றெமி


மில்லிக்கன்,
31 மே 2025

அன்பின் றெமிக்கு,

அந்த ஓடுகள் பதினைந்தும் என்னிடமே இருக்கின்றன. பேஸ்மென்றில், ஒரு பிஸ்கற் ரின்னுக்குள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே திறந்தேன். ஆந்தை இருக்கிறது.

அன்றைக்கும் கண்டேன். என்னை அபசகுனம் என்று எவனோ நக்கலடிக்கிறான் என்று எடுத்தேன். உன் எழுத்துக்கு அடுத்தபடி என்னை எரித்தது அந்த ஓடுதான். ஏதென்ஸ் நாணயத்தில் ஏன் ஆந்தை, அது நகரத்தைக் காக்கும் அதீனாவின் பறவை என்று ஒரு மணித்தியாலம் விரிவுரை செய்துவிட்டு, அடுத்த நிமிடமே வீட்டு முகட்டில் கத்தும் எங்கள் ஊர் ஆந்தையைக் கண்டிருக்கிறேன். இதுதான் நான் படித்த படிப்பு!

ஆந்தைக்கு ஒரு காலில் விரல் நான்கு. நீ மூன்றுதான் கீறியிருக்கிறாய்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு வருகிறேன். மாஸ்ரருக்குப் பக்கத்தில் எனக்கொரு கதிரை போட்டு வை. பேச்சைத் தொடங்குமுன் ஒரு திருத்தம் சொல்ல இருக்கிறது என்று அவரிடம் முற்கூட்டியே சொல்லிவிடு. அவர் களைக்கத் தேவையில்லை. இந்த முறை பிழை என்னுடையது.

உன்
பஸ்ரி