நான்கால் வகுபடாத எண்கள்

10 ஜூன் 2024

இருபத்துமூன்று வாரத் திட்டத்தை இன்று பயிற்சியாளர் ஜெகதீசனிடம் கொடுத்தேன். முதல் பத்து வாரம் தூரம் கூடும். அடுத்த பத்தில் வேகம். கடைசி மூன்றில் சுமை குறையும். நவம்பரில் மாநில நீச்சல் போட்டி. அணியில் ஏழு பேருக்கும் தனித்தனி அட்டவணை.

புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு நீந்தத் தெரியாது. ஜெகதீசன் ராணுவத்துக்காக நீந்தியவர். "நீங்க கணக்கைப் பாருங்க சார், பசங்களை நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஒரு விதியை மட்டும் வற்புறுத்தினேன் — வற்புறுத்தினேன் என்பது பெரிய வார்த்தை, எழுதி வைத்தேன். காலையில் எழுந்ததும் பதினைந்து விநாடி நாடியை எண்ணி, நான்கால் பெருக்கி, நோட்டில் குறிக்க வேண்டும். வழக்கத்தைவிட எட்டு கூடினால் அன்று நீச்சல் கிடையாது.

12 ஜூலை

ப்ரீதியை இந்த வாரம் இரண்டு நாள் கரையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. தாபோடியிலிருந்து வருகிற பெண், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, எண்ணூறு மீட்டர் நீந்துகிறாள். தேசியப் போட்டிக்குத் தேர்வானால் ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அப்பா தொழிற்சாலையில் ஓய்வு பெறும் வருஷம் இது.

"ஒரே ஒரு செட் பண்ணிக்கறேன் அங்கிள். பக்கா நல்லாதான் இருக்கேன்."

விதியைச் சொன்னேன். பத்து நாள் விடுபட்டால் அணியில் இடமில்லை என்று ஜெகதீசன் பின்னாலிருந்து சத்தம் போட்டார். அவள் டவலைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

19 ஆகஸ்ட்

பதினோராவது வாரம். நோட்டுகளைச் சரிபார்த்தேன்.

எல்லா எண்ணும் நான்கால் வகுபட வேண்டும். எண்ணுகிற முறை அப்படி. ஆறு பேருடையது வகுபடுகிறது. ப்ரீதியுடையதும் ஜூலை முழுக்க 56, 60, 52, 64. ஆகஸ்ட் ஐந்திலிருந்து 57, 55, 58, 57.

அவள் எண்ணவில்லை. எழுதுகிறாள்.

அல்லது முழு நிமிடம் எண்ண ஆரம்பித்துவிட்டாளோ? அதுவும் சாத்தியம்தான். இதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்பதா?

20 ஆகஸ்ட்

வீட்டில் ஆனந்தவல்லியிடம் சொன்னேன். கறிகாய் நறுக்கிக்கொண்டே, "கேட்டுடுங்கோளேன். நாப்பத்தாறு வருஷமா என்னையே ஒரு கேள்வி கேட்டதில்லை, அவளை எங்கே கேக்கப்போறேள்!" என்றாள்.

27 ஆகஸ்ட்

கேட்கத்தான் போனேன். வாக்கியத்தைக்கூட ஆட்டோவில் இரண்டுதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ப்ரீதி தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள், இருமினாள். நோட்டை நீட்டினேன். வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"கையெழுத்து நன்னா இருக்கு" என்றேன்.

14 செப்டம்பர்

ப்ரீதியின் எண்ணூறு, போன மாதத்தைவிடப் பதினோரு விநாடி அதிகம். மழை, தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்கிறார் ஜெகதீசன். நானும் தலையாட்டினேன். அதே தண்ணீரில்தானே மற்ற ஆறு பேரும்?

23 செப்டம்பர்

காலையில் ப்ரீதி கரையேறும்போது மயங்கி விழுந்தாள்.

இதயத் தசையில் வீக்கம். வைரஸ் காய்ச்சலோடு பல நாள் நீந்தியிருக்கிறாள் என்றார் டாக்டர். ஆறு மாதத்துக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது. அதற்குப் பிறகும் பார்த்துத்தான்.

"நாடி எப்போதிலிருந்து கூடியது?" என்று டாக்டர் கேட்டார். ஜெகதீசன் என்னைப் பார்த்தார். அவள் அப்பாவும், தொழிற்சாலைச் சட்டையோடு.

"நோட்டில் ஐம்பத்தேழு என்றுதான் இருக்கிறது" என்றேன்.

24 செப்டம்பர்

தெரியுமே உனக்கு. ஒரு மாசத்துக்கு மேலயே தெரியும். நோட்டுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுண்டாயே — எழுபத்துநாலு வயசுல — அந்த மனுஷர் முகத்தைப் பாத்துண்டே —

13 அக்டோபர்

தாபோடிக்கு, ப்ரீதி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா சாயா கொடுத்துவிட்டு உள்ளே போனார். படுக்கையில் சாய்ந்திருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: எந்தத் தேதியில் கண்டுபிடித்தேன், எப்படி, கேட்காமல் விட்டது.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்து யோசித்துத்தான் பேசினாள்.

"நீங்க கேப்பீங்கன்னு தினம் பயந்துட்டு இருந்தேன் அங்கிள். அன்னிக்கு நோட்டைப் பாத்துட்டும் ஒண்ணும் சொல்லலை. சரி, இவருக்குத்தானே எல்லாம் தெரியும், இவரே விட்டுட்டாருன்னா நமக்கு ஒண்ணும் இல்ல போலன்னு நெனச்சுட்டேன்."

பஸ்ஸில் திரும்பும்போது நான் இறங்க வேண்டிய ஔந்த் நிறுத்தத்தைத் தவறவிட்டேன். அடுத்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை.

2 நவம்பர்

சுமை குறைக்கும் வாரங்கள். எதையும் சரிபார்க்க மனம் வரவில்லை. சரிபார்த்து என்ன செய்தேன்?

17 நவம்பர்

போட்டி முடிந்தது. ஆறு பேரில் நால்வர் தங்கள் பழைய நேரத்தைக் குறைத்தார்கள். எண்ணூறு மீட்டரில் எங்களிடமிருந்து யாரும் இல்லை.

"பிளான் கரெக்டா வந்துடுச்சு சார்" என்று ஜெகதீசன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எப்போது விடுவார் என்றிருந்தது.

ப்ரீதி பார்க்க வந்திருந்தாள். அவள் அப்பா முன்னால் போய் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். வாசலுக்குப் போகும் படியில் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இறங்கிப் போனேன்.

"மூச்சு வாங்கறதாம்மா?"

"இல்ல அங்கிள், சும்மாதான் நின்னேன்."

சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீ பொய் சொல்றே" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. படியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னை முறைத்தாள். இறங்கி ஓடிவிடலாம்போல் இருந்தது, நின்றேன்.

பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "முடியலை அங்கிள்."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன்.